தப்பில்லாத வாக்கியத்தை என்ன செய்வது?

இந்த ஆண்டு நம் பயிற்சி மையத்தில் ஆங்கிலம் நடத்த வந்திருக்கும் நண்பர்களே, போன வாரம் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். எழுவாய்க்கு ஏற்ற வினை, அதாவது ஒருமைக்கு ஒருமை, பன்மைக்குப் பன்மை என்ற அந்தப் பாடத்தைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு எப்படி நடத்தினால் மனத்தில் நிற்கும் என்பது உங்கள் கேள்வி. நான் ஏதோ விதிப்பட்டியல் வைத்திருப்பதாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. விதிகள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. நான் சொல்ல நினைப்பது ஓர் ஆடி மாதத்தில் தொடங்கி அடுத்த சித்திரையில் முடிந்த ஒரு சம்பவம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. வங்கித் தேர்வுகள் தாளிலிருந்து கணினிக்கு மாறி, மாணவர்கள் அதற்கு ஓரளவு பழகியிருந்த காலம்.

அப்போது பாண்டீஸ்வரி என்று ஒருவர் நம்மிடம் படித்தார். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே நாகல் நகரில் குடியிருந்தார். கணவர் முத்துக்காளை ஆட்டோ ஓட்டுபவர். மகள் யுகேஜி படித்துக்கொண்டிருந்தாள். வங்கி எழுத்தர் தேர்வை ஏற்கெனவே பலமுறை எழுதியிருந்தார். ஒவ்வொரு முறையும் கணக்கில் தேறிவிடுவார், ஆங்கிலத்தில் கொஞ்சத்தில் தட்டிப்போகும். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே அந்த வருடத் தேர்வுதான் கடைசி.

இப்படிப்பட்டவர் வகுப்பில் திணறுவார் என்று நினைப்பீர்கள். நேர் எதிர். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக்கிக் கொடுத்திருப்பார்கள். எந்தத் துண்டில் பிழை என்று சொல்ல வேண்டும். ஐந்தாவது தெரிவு, 'பிழை இல்லை'. நான் கரும்பலகையில் வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் பாண்டீஸ்வரி பிழையைச் சொல்லிவிடுவார். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே எவ்வளவு நீளமான தொடரைச் செருகினாலும் அவரை ஏமாற்ற முடியாது. மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் வராமல் அவரிடம்தான் போவார்கள்.

ஆடிக் கடைசியில் வெளியூர் நிறுவனம் ஒன்றின் மாதிரித் தேர்வை வாங்கி எல்லோரையும் எழுதவைத்தோம். ஆங்கிலத்தில் பாண்டீஸ்வரிக்கு வந்த மதிப்பெண், கடைசி வரிசையில் அரட்டையடிப்பவர்களைவிடக் குறைவு. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அவருடைய விடைகளை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

விசித்திரம் அங்கேதான் தொடங்கியது. நான்கூட ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டிய கடினமான வாக்கியங்களில் எல்லாம் அவர் விடை சரி. பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும் வாக்கியங்களில் தப்பு.

முதலில் கணினியைச் சந்தேகித்தேன். திரையில் கடிகாரம் ஓடுகிறதே, அந்தப் பதற்றமோ என்று. அதே மாதிரி வாக்கியங்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, அவசரமில்லை, நிதானமாகப் போடுங்கள் என்றேன். விடைகள் அதே லட்சணத்தில் வந்தன.

அடுத்து நம் பேச்சுத் தமிழைச் சந்தேகித்தேன். இந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அய்யலூர் சந்தையில் ஒற்றை ஆடு நின்றாலும் 'ஆடு நிக்குது' என்கிறோம், ஒரு மந்தையே நின்றாலும் 'ஆடுக நிக்குது' என்கிறோம். எழுத்தில்தான் 'நிற்கிறது', 'நிற்கின்றன' என்ற வேறுபாடு. பேச்சில் மனிதர்களுக்கு மட்டும் 'நிக்கிறாங்க' என்று பன்மை மிஞ்சியிருக்கிறது. ஆடுமாடுகளுக்கும் பொருள்களுக்கும் அது எப்போதோ உதிர்ந்துவிட்டது. அப்படியென்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அஃறிணைப் பன்மை வரும் ஆங்கில வாக்கியங்களில் காது உதவாது அல்லவா? பாண்டீஸ்வரியின் தப்புகளை உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. ஆசைப்பட்ட விளக்கம் கைநழுவிப் போனது. ஆனால் அது போன பிறகுதான் விடைத்தாளை உள்ளபடி பார்க்க முடிந்தது. அவர் தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஐந்தாவது தெரிவு. பிழை இல்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவரை உட்காரவைத்து, 'தி ரோட்ஸ் இன் திஸ் டவுன் ஆர் நேரோ' என்ற வாக்கியத்தைக் காட்டினேன். அதில் 'ஆர்' தப்பு என்று குறித்திருந்தார்.

"ஏம்மா இதத் தப்புன்னு போட்ட?"

"பக்கத்துல டவுன் இருக்கே சார். டவுன் ஒண்ணு. அங்கதான் பொறி வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"ரோட்ஸ்தான எழுவாய்? நீதான அத மத்தவங்களுக்கே சொல்லித் தார?"

"தெரியும் சார். ஆனா அப்டிப் பாத்தா வாக்கியத்துல தப்பே இல்லாமப் போயிருதே."

"இல்லன்னே வச்சுக்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தப்பு இல்லாட்டி எதுக்கு சார் அதக் கேக்கப் போறாங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலையே நம் மையத்தின் பயிற்சித் தாள்களை எடுத்துப் புரட்டினேன். ஐந்தாவது தெரிவு எல்லாக் கேள்வியிலும் அச்சாகியிருந்தது. எந்தக் கேள்விக்கும் அது விடையாக இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பயிற்சித் தாள் தயாரிக்கும் ஆசிரியர், விதியைச் சொல்லித்தர உதவும் வாக்கியமாகப் பார்த்துப் பொறுக்குகிறார். சரியான வாக்கியத்தில் சொல்லித்தர என்ன இருக்கிறது? தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். எனக்கு முன்பு இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், தெருவின் எதிர்ச் சாரியில் இருந்த மையத்திலும் அப்படித்தான். தாள் பழையதாகும்போது புதியதைப் பழையதைப் பார்த்துத்தான் தயாரிப்போம். நன்றாகப் படிக்கும் மாணவர்தான் இதில் அதிகம் மாட்டுவார். அரட்டையடிப்பவர் எங்கள் தாள்களைப் போட்டுப் பார்த்தால்தானே கெட்டுப்போக.

பக்கத்து அறையில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த சவரிமுத்துவிடம் இதைச் சொன்னேன். என்னைவிட வயதில் இளையவர், வாய் மட்டும் மூத்தது.

"போலீஸ் ஸ்டேஷன்லயே வளத்துவிட்டா, ரோட்ல போறவனெல்லாம் பிள்ளைக்குத் திருடனாத்தான சார் தெரிவான்" என்றார்.

இது பாண்டீஸ்வரிக்கு மட்டும்தானா, வகுப்பு முழுவதுமா என்று தெரிந்துகொள்ள இருவரும் ஒரு வழி யோசித்தோம். புரட்டாசி முதல் புதன்கிழமை ஒரு தேர்வு வைத்தோம். எல்லா வாக்கியமும் சரியானது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

விடைத்தாள்கள் வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் பிழை கண்டுபிடித்திருந்தார்கள். ஐந்தாவது தெரிவைப் பலமுறை போட்டிருந்தவர் ஒரே ஒருவர். அவர் தாமதமாக வந்து, நேரம் போதாமல், மிச்சமிருந்தவற்றுக்கெல்லாம் ஒரே விடையைப் போட்டுவிட்டுப் போனவர். கார்த்திக் என்ற பையன் ஒரு புதிய விதியையே இயற்றியிருந்தான்: எழுவாய்க்குப் பின்னால் காற்புள்ளி வந்தால் அது ஒருமையாகிவிடும்.

"இது எந்தப் புஸ்தகத்துலப்பா இருக்கு?"

"நீங்கதான் சார் சொன்னீங்க" என்றான், கொஞ்சமும் தயங்காமல்.

எல்லா வாக்கியமும் சரி என்று நான் அறிவித்ததும் வகுப்பு சிரித்தது. சிலர் ஏமாற்றிவிட்டதாகக் கோபித்துக்கொண்டார்கள். பாண்டீஸ்வரி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. விடைத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நோய் இன்னதென்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் இருந்தேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். நோயைக் கண்டுபிடிப்பதும் குணப்படுத்துவதும் ஒன்றல்ல. அடுத்த தேர்வில் வகுப்பு தடுமாறி, மெல்ல நேரானது. பாண்டீஸ்வரிக்கோ கடினமான வாக்கியங்களும் போயின. முன்பு கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் பிழைகளைக்கூட 'பிழை இல்லை' என்று போட்டிருந்தார். சிலவற்றில் விடையைப் பலமுறை மாற்றியிருந்தார். அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் சந்தேகம். அது தப்பான ஆயுதம் என்று நாங்கள் எல்லோர் முன்னாலும் நிரூபித்துவிட்டோம், பதிலுக்கு வேறொன்றைக் கையில் கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

புதன்கிழமை நாகல் நகர் ஆட்டோ நிறுத்தத்தில் முத்துக்காளையைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வண்டியிலிருந்து இறங்கி நின்றார்.

"புக்க எடுத்தா ஒடனே மூடிர்றா சார். பிஸ்கட் பாக்கெட்ல இங்கிலீஷ்ல என்னமாச்சும் எழுதிருந்தா, இது சரியா தப்பாங்குறா. பாப்பா ஸ்கூல்ல ரைம்ஸ் சொல்லிட்டு வந்தா அதுலயும் சந்தேகம். நான் பத்தாப்பு பெயிலு. எங்கிட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"வகுப்புக்கு ஏன் தம்பி வரல?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜவுளிக் கடையில பில்லு போட ஆள் கேட்டாங்க. வெள்ளிக்கெழம வந்து சேரணும்னாங்க. தீவாளி முடியிற வரைக்கும் ஒரு நாள் லீவு கெடையாதாம்."

"பரீட்ச தீவாளிக்கு முந்துன ஞாயித்துக்கெழமயில்ல வருது?"

"அதுக்குத்தான் சார் அந்த வேலைக்குப் போறேங்குறா" என்றார் முத்துக்காளை.

வேலை தேவை என்பதற்காக மட்டும் அவர் போகவில்லை. தேர்வு எழுத முடியாமல் போவதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்கிறது என்று போகிறார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

மையத்தின் உரிமையாளரிடம் சொன்னேன். கண்டிப்பாகத் தேறிவிடுவாய் என்று சொல்லி அழைத்து வாருங்கள் என்றார். நம் தொழிலில் எல்லோரும் தாராளமாகச் சொல்லும் வார்த்தை அது. எனக்கு வாய் வரவில்லை. அவர் என் பேச்சைக் கேட்டுக் கடை வேலையை விட்டுவிட்டு, தேர்விலும் தேறாமல் போனால்? வயது வரம்பு முடிந்துவிடும். கடைக்காரர் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டிருப்பார். மாறாக, நான் பேசாமல் இருந்தால், எங்கள் தாள்கள் பழக்கிவிட்ட ஒரு சந்தேகத்துக்காக அவர் கடைசி வாய்ப்பை விட்டுவிடுவார். வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள் இருந்தது. தேறுவாய் என்றோ போகாதே என்றோ சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அவருக்கு என்ன தெரியும் என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கவைக்க வேண்டும். பிறகு முடிவு அவருடையது.

வியாழக்கிழமை மதியம் மையத்தின் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஆசிரியர் அறையில் நானும் சவரிமுத்துவும் இருந்தோம். புதிய வேலையைப் பற்றி விசாரித்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வீட்டைப் பற்றியும் கடையைப் பற்றியும் ஆங்கிலத்தில் சில வரி எழுதச் சொன்னேன்.

"எதுக்கு சார் இப்ப?" என்றார். ஆனாலும் எழுதினார்.

கணவரும் கொழுந்தனாரும் ஆட்டோ ஓட்டுகிறார்கள், மகள் எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போகிறாள், கடையில் இருப்பவர்கள் நல்லவர்கள், அங்கே விற்பனைக்கு நிற்கும் பெண்களில் ஒருத்தி தன்னுடன் படித்தவள். இவ்வளவுதான். நான் வாங்கிப் படித்தேன். 'ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ்' என்று தொடங்கும் அந்தக் கடைசி வரி, தேர்வுகளில் ஆண்டுதோறும் ஆட்களை விழவைக்கும் அமைப்பு. 'கேர்ள்ஸ்' பன்மை, வினை மட்டும் ஒருமை. அதை அவர் யோசிக்காமல் சரியாக எழுதியிருந்தார்.

"இதுல தப்பு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் தாளைத் திரும்ப வாங்கவே இல்லை. "இதுல எப்டி சார் தப்பு இருக்கும்? எங்கூடப் படிச்சவ ஒருத்திதான அங்க நிக்கிறா."

சவரிமுத்து அதுவரை ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவிட்டுத் திரும்பினார். "அம்புட்டுத்தாம்மா. பரீச்சையில வர்றதும் எவனோ ஒருத்தன் எதையோ சொல்ல வந்து எழுதுனதுதான். என்னப்பா சொல்ல வந்தேன்னு மொதல்ல அவனக் கேளு. அப்பறமா அவன உள்ள புடிச்சுப் போடலாமா வேணாமான்னு பாரு. நீ கேக்காமயே லத்தியத் தூக்குற."

பாண்டீஸ்வரி அன்றைக்குத்தான் சிரித்தார். பழைய தேர்விலிருந்து சில வாக்கியங்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் என்ன சொல்ல வருகிறது என்று முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னார். அதன் பிறகு பிழையைத் தேடச் சொன்னேன். இருந்ததை எடுத்தார், இல்லாததை விட்டார். ஒன்றில் மட்டும் தவறினார். நான் பாராட்டவில்லை. கடைக்குப் போவதைப் பற்றியும் பேசவில்லை. புத்தகங்களை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். திருப்பிக் கொடுத்தாரா, மறந்துவிட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்குப் போனபோது வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கடைக்குப் போகலியாம்மா?"

"வரலன்னு சொல்லிட்டேன் சார். இனிமே நீங்கதான் பயப்படணும்."

பயந்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. அன்றிலிருந்து தேர்வு நாள் வரை வேறு மாதிரி வேலை செய்தோம். சவரிமுத்து செய்தித்தாளிலிருந்து வாக்கியங்களை எடுத்து, சிலவற்றைக் கெடுத்து, சிலவற்றை அப்படியே விட்டு, துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். எது எந்த ரகம் என்பது எனக்கும் தெரியாது. வகுப்பின் முன்னால் நின்று மாணவர்களோடு நானும் விடை சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு விடை தெரிந்திருந்தால் அது அவர் முகத்தில் தெரிந்துவிடும். மாணவர்கள் வாக்கியத்தை விட்டுவிட்டு முகத்தைப் படிக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் பிடிபட்டது. ஒருநாள் நல்ல வாக்கியம் ஒன்றை நானே பிழை என்றேன். கார்த்திக் எழுந்து, "சார், அவர் என்ன சொல்ல வந்தாருன்னு கேட்டீங்களா?" என்றான். வகுப்பு அடங்க நேரமாயிற்று. நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். ஆசிரியர் தயங்குவதை மாணவர்கள் பார்ப்பது நல்லது. தயங்கியபின் எப்படி முடிவுக்கு வருகிறார் என்பதைப் பார்ப்பது அதைவிட நல்லது.

தேர்வு முடிந்த மறுநாள் மாணவர்கள் வந்து விடைகளைப் பற்றிச் சண்டை போடுவது வழக்கம். பாண்டீஸ்வரி அதில் கலந்துகொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. அது முதல்நிலைத் தேர்வு, அதில் தேறினார். தையில் முதன்மைத் தேர்வு எழுதினார். சித்திரையில் முடிவு வந்தது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர் வேலை. முத்துக்காளையின் ஆட்டோவில் மகளோடு வந்து இனிப்பு கொடுத்தார். சவரிமுத்து, வங்கிக்கு வருகிறவனையெல்லாம் திருடனாகப் பார்த்துவிடாதே என்றார்.

அப்போதுதான் முதல்நிலைத் தேர்வு எப்படி இருந்தது என்று கேட்டேன். ஆங்கிலப் பகுதி முடியச் சில நொடிகள் இருக்கையில் கடைசி வாக்கியம் ஒன்று பாக்கி இருந்ததாம். படித்தாராம், பிழை எதுவும் கண்ணில் படவில்லை. முன்பென்றால் ஏதாவது ஒரு துண்டைக் குறித்திருப்பார். இந்த முறை ஐந்தாவது தெரிவைப் போட்டாராம்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. கணினித் தேர்வில் கேள்வித்தாளைக் கையில் தர மாட்டார்கள். அதனால் அந்த வாக்கியத்தைச் சொல்லம்மா, சரியா என்று பார்ப்போம் என்றேன். அவர் யோசித்தார். ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. எழுவாய் என்ன என்றேன். தெரியவில்லை. ஒருமையா பன்மையா என்றேன். அதுவும் தெரியவில்லை.

"ஆத்துல வெள்ளம் வந்து, பாலத்துக்கு அங்கிட்டு ரெண்டு ஊரு மாட்டிக்கிருச்சு சார். சாப்பாடு கொண்டுக்கிட்டுப் படகு போவுது. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "தப்பு இருந்துச்சா இல்லையான்னு தெரியல. ஆனா சோறு போய்ச் சேந்துருச்சு."